பசுமைத் தொழிலும் குலத்தொழிலும்

'பசுமை வேலை' என்னும் சொல் அண்மை ஆண்டுகளில் அரசு அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் மிகுதியாக வழங்கி வருகின்றது. கதிரொளியால் மின்னாக்கல், காற்றாலை நிறுவல், கழிவைப் பிரித்து உரமாக்கல், மரம் நடல், ஏரி குளம் தூர்வாரல் முதலிய பணிகள் யாவும் அப்பெயராற் சுட்டப்பெறுகின்றன. நிலமும் இன்றி, உயர்படிப்பும் இன்றி, நிலையான தொழிலும் இன்றி அல்லலுறும் அடித்தட்டு உழைப்பாளர்க்கு இனி இவ்வேலைகளே கைகொடுக்கும் என்று ஆட்சியாளர் உறுதி கூறுகின்றனர். கேட்டற்கு இனிய கூற்றே. ஆயின், சேலம் நாமக்கல் சமவெளியில் அக்கூற்று எவ்வளவிற்கு உண்மையாகியுள்ளது, இனி உண்மையாதற்கு என்ன செய்தல் வேண்டும் என்பவற்றை ஆராய்தல் தமிழ்மக்கள் நலங் கருதுவார் யாவர்க்கும் கடனாகும்.

சொல்லும் பொருளும்

2008-ஆம் ஆண்டில் ஒன்றிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் அமைப்பும், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும், முதலாளிமார் தொழிலாளர் ஆகிய இரு திறத்தாரின் உலகக் கூட்டமைப்புகளும் ஒருங்கு சேர்ந்து பசுமை வேலை பற்றி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டன. நிலம், நீர், காற்று ஆகியவற்றைக் காப்பதும் கெட்டவற்றை மீட்பதுமாகிய வேலையே பசுமை வேலை என்பது அதன் முதற்கூறு. அவ்வேலை தகுந்த கூலியும் உடற்காப்பும் உரிமையும் உடையதாதல் வேண்டும் என்பது இரண்டாங்கூறு. கழிவுப்பொருள்களைப் பிரித்து மீளப் பயன்படுத்தும் வேலைகள் பல, உலகிற்கு நன்மை தரினும், செய்வாரின் உடலையும் மதிப்பையும் கெடுப்பனவாயிருத்தலின், அவற்றை அப்படியே பசுமை வேலையென ஏற்றுக்கொள்ளுதற்கில்லை என்று அவ்வறிக்கையே எடுத்துரைத்தது. இந்நாட்டிலோ முதற்கூறு முழங்கப்படுகின்றது; இரண்டாங்கூறு விழுங்கப்படுகின்றது.

தமிழ்ச்சொல்லின் பொருளும் இதற்கு அரணாகவே நிற்கின்றது. பசுமை என்பது நிறமொன்றை மட்டும் குறிப்பதன்று. பசுமரம் என்புழி ஈரமும் உயிரும், பசுங்குழவி என்புழி இளமையும், பசும்பொன் என்புழி மாசின்மையும் பொருளாகின்றன. வாடியதையும் காய்ந்ததையும் பசுமையென்று தமிழர் ஒருபோதும் வழங்கியதில்லை. ஆகவே, ஊரைத் தளிர்க்கச் செய்து உழைப்பவனை உலரச் செய்யும் வேலைக்குப் பசுமை வேலை என்று பெயரிடுதல் சொற்குற்றமும் பொருட்குற்றமும் ஆகும்.

சமவெளியின் தொழில்கள்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இச்சமவெளி உழைப்பிற் சிறந்தது. சேலத்துக் கைத்தறி, நாமக்கல்லின் முட்டைப்பண்ணையும் சரக்குந்தும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்றுக் கருவிகள், ஆத்தூர் இராசிபுரம் பகுதிகளின் மரவள்ளிக் கிழங்கும் சவ்வரிசியும் இந்திய நாடெங்கும் அறியப்பட்டவை. இத்தொழில்கள் ஒவ்வொன்றும் பொருளை ஈனுவதோடு கழிவையும் ஈனுகின்றது. சவ்வரிசியாலையின் கழிவுநீர் புளித்து நாறி ஓடையையும் கிணற்றையும் கெடுத்தது. சாயக்கழிவும் நகரச் சாக்கடையும் கலந்து, சேர்வராயன் மலையிற் பிறந்து சேலம் நகரினூடே பாய்ந்து நாமக்கல் மாவட்டத்திற் காவிரியொடு கூடும் திருமணிமுத்தாற்றை, மணியும் முத்தும் என்னும் பெயர்க்கே பொருந்தாததாக்கின.

இக்கழிவுகளினின்று பயன்கொள்ளும் முயற்சிகளும் இங்கேயே தோன்றியுள்ளன. சவ்வரிசியாலைகள் சில, தம் கழிவுநீரைக் காற்றுப்புகாத் தொட்டிகளில் தேக்கி, அதனின்று எழும் எரிவளியைக் கொண்டு வெப்பமும் மின்னும் பெறுகின்றன. கிழங்கின் சக்கையாகிய திப்பி கால்நடைத் தீவனமாகின்றது. கோழியெச்சம் எருவாகவும் எரிவளியாகவும் பயன்படுகின்றது. இவையெல்லாம் பசுமைத் தொழில்களே என்பதில் ஐயமில்லை. ஆயின், அவற்றான் வரும் மிச்சம் யார் கணக்கிற் சேர்கின்றது? எரிவளியால் விறகுச் செலவும் மின்செலவும் குறைந்தமையால் ஆலையுரிமையாளர்க்கு வருவாய் மிகுந்தது. கிழங்கு மூட்டை சுமக்கும் ஆளுக்கோ, மாவு காயவைக்கும் பெண்ணுக்கோ அதனாற் கூலி உயர்தல் வேண்டும் என்னும் நெறி எங்கும் இல்லை. தொழில் பசுமையாதலும் தொழிலாளி வாழ்வு பசுமையாதலும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. சவ்வரிசி செய்யும் ஆலையுரிமையாளர்கள், தரகரின் பிடியினின்று தப்புதற்பொருட்டு, 1981-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் தமக்கெனக் கூட்டுறவு அமைப்பொன்றை நிறுவிக்கொண்டனர். முட்டைப்பண்ணையாளர்க்கும் சரக்குந்து உரிமையாளர்க்கும் வலிய அமைப்புகள் உள. கூடிநின்றாலன்றி விலையும் கிடையாது, மதிப்பும் கிடையாது என்பதை உடைமையுள்ளார் நன்குணர்ந்து செயற்பட்டனர். உடைமையில்லார்க்கு அதே வழியைத் திறந்துவிடுவார்தாம் இல்லை.

முதற் பசுமைத் தொழில்

பசுமை வேலை இனித்தான் வரப்போகின்றது என்பதுபோற் பேசுவார், தம் தெருவில் நாள்தோறும் விடியலில் நடைபெறும் பசுமை வேலையைக் காண்பதில்லை. குப்பையை அள்ளுதலும் பிரித்தலும் உரமாக்கலுமே எல்லாப் பசுமை வேலைகட்கும் முன்னது. நகரக் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடியது. அதனைப் பிரியாது ஓரிடத்தே குவித்தால், காற்றுப் புகாத அடிப்பகுதியில் மீத்தேன் என்னும் வளி தோன்றும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவளியினும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமேற்ற வல்லது. அக்குவியலே அடிக்கடி தீப்பற்றிப் புகைந்து, சுற்றியுள்ள ஏழையர் குடியிருப்புகளின் மூச்சைக் கெடுப்பது. சேலத்துக் குப்பை செட்டிச்சாவடியில் மலைபோற் குவிக்கப்பட்டமை ஊரறிந்தது. அதே குப்பையை வீட்டு வாயிலிலேயே மட்குவது, மட்காதது எனப் பிரித்துப் பெற்று, மட்குவதைக் கிளறியும் நீர் தெளித்தும் பதப்படுத்தின், சில கிழமைகளில் அது நல்லெருவாகி வயலுக்குச் செல்லும். ஞெகிழியும் தாளும் கண்ணாடியும் தகரமும் மீண்டும் தொழிற்சாலைக்குச் செல்லும். இத்தனையும் செய்வது மாந்தன் கையே.

இத்துறையில் இச்சமவெளிக்குத் தனிப்பெருமையும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நாமக்கல் நகராட்சி, தெருக் குப்பைத்தொட்டிகளை நீக்கி, வீடுதோறும் குப்பை பெறும் முறையைக் கைக்கொண்டு, குப்பையற்ற நகர் எனப் பெயர்பெற்றது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்குரிய 14001 என்னும் பன்னாட்டுத் தரச்சான்றும் அதற்குக் கிடைத்தது. பிற ஊராட்சியினர் வந்து கண்டு கற்றுச் சென்றனர். 2024-இல் அந்நகராட்சி மாநகராட்சியாகவும் உயர்ந்தது. சான்றிதழ் நகராட்சியின் சுவரில் தொங்கிற்று. அச்சான்றை ஈட்டித் தந்த கைகட்கு உரியது என்ன கிடைத்தது என்பதே வினா.

பெயர் மாறிற்று, கூலி மாறவில்லை

இத்தொழிலைச் செய்வார் யாவர்? மேற்கு மாவட்டங்கள் அனைத்திலும் போலவே இங்கும் பெரும்பாலார் அருந்ததியர். ஏனைய தாழ்த்தப்பட்ட மக்களும் உளர். அவர்கள் இத்தொழிலைத் தேர்ந்துகொண்டவர் அல்லர். வேறு வாயில் அடைக்கப்பட்டதால் இவ்வாயில் ஒன்றே அவர்கட்கு எஞ்சியது.

முன்னாளில் அவர்களைத் தோட்டி என்றனர். பின்னர்த் துப்புரவுப் பணியாளர் என்றனர். இச்சமவெளியினரான எடப்பாடி பழனிச்சாமி முதலமைச்சராயிருந்தபோது, 2020-ஆம் ஆண்டில், தூய்மைப் பணியாளர் என்று பெயர் மாற்றப்பெற்றது. சிற்றூர்களில் வீடுதோறும் குப்பை பெறுவார் தூய்மைக் காவலர் எனப்பெற்றனர். நற்சொல் வழங்குதல் வரவேற்கத்தக்கதே. இழிசொல் ஒழிதல் விடுதலையின் ஒரு பகுதியே. எனினும், சொல் மட்டும் உயர்ந்து வாழ்வு உயராதாயின், அச்சொல்லே நாளடைவில் இழிசொல்லாகிவிடும் என்பது மொழிவரலாறு கூறும் உண்மை.

தூய்மைக் காவலர் நிலையை எடுத்துக்கொள்க. முதலில் நூறுநாள் வேலைத்திட்டத்தின் வழியாக அமர்த்தப்பெற்ற இவர்கட்குத் திங்களுக்கு 3,600 உருபாவாக இருந்த தொகை பின்னர் 5,000 உருபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு நாளுக்கு 170 உருபாவும் ஆகாத இத்தொகைக்கு அரசு வைத்த பெயர் 'மதிப்பூதியம்'. கூலி என்றால் குறைந்த அளவுக் கூலிச் சட்டம் குறுக்கே நிற்கும். சம்பளம் என்றால் பணியுறுதி கேட்பார். ஆதலின் மதிப்பூதியம் என்றொரு சொல் படைக்கப்பட்டது. அதன்கண் மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. தமிழ்ச்சொல்லொன்று உழைப்பாளியின் உரிமையை மறைக்கும் திரையாகப் பயன்படுதல் தமிழ்ப்பற்றுடையார்க்கு மிகுந்த வருத்தம் தருவதாதல் வேண்டும்.

நகரங்களின் நிலை வேறொரு வகையிற் கொடிது. உள்ளாட்சித் தொழிலாளர்க்குக் குறைந்த அளவுக் கூலியை வரையறுத்து 2017-இல் தமிழக அரசே ஆணை பிறப்பித்தது. அதனை முழுமையாகத் தருக என்று கேட்டு ஆண்டுதோறும் தெருவிற்கு வரும் நிலையில் அவர்கள் உள்ளனர். நிலைப்பணியாளர் ஓய்வுபெறும் இடங்கள் நிரப்பப்படாது ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. 2025-ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்களில், சென்னை மாநகராட்சியின் 5, 6 ஆகிய இரு மண்டலங்களின் தூய்மைப்பணி தனியாரிடம் தரப்பட்டதை எதிர்த்து, அங்குப் பணிபுரிந்தோர் மாநகராட்சித் தலைமையகத்தின்முன் 13 நாள் அமர்ந்து போராடினர். இறுதியில் நள்ளிரவில் காவல்துறையினரால் அகற்றப்பெற்றனர். தலைநகரில் நிகழ்ந்ததே சிறுநகர்களிலும் ஓசையின்றி நிகழ்ந்து வருகின்றது. குப்பை மின்கல வண்டியில் ஏறிற்று. அள்ளுபவன் ஒப்பந்தச் சேற்றில் இறங்கினான்.

சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா தருக என்று உச்ச நயன்மன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 இலக்கமாக உயர்த்தியது. இரங்கத்தக்க அக்குடும்பங்கட்கு அது வேண்டுவதே. ஆயினும், இறந்த பின்னர் உயரும் மதிப்பு இருக்கும்போது உயராமை எத்துணைக் கொடுமை!

பச்சைச் சட்டையிட்ட குலக்கல்வி

பசுமை வேலைத் திட்டங்களில் மறைந்திருக்கும் பேரிடர் ஒன்றனை இங்கு எடுத்துக்காட்டுதல் இன்றியமையாதது. ஒருகாலத்துச் சேலம் நகராட்சித் தலைவராயிருந்த இராசகோபாலாச்சாரியார், முதலமைச்சரான பின் 1953-இல் கொணர்ந்த கல்வித்திட்டம், பிள்ளைகள் அரைநாள் பள்ளியிற் பயின்று, எஞ்சிய நேரம் தந்தையின் தொழிலைப் பழகுக என்றது. தமிழகம் அதனைக் குலக்கல்வி என்று கண்டுகொண்டு எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அன்று கதவால் வெளியேறியது இன்று சாளரத்தால் நுழைதல் கூடும். தூய்மைப் பணியாளர் மக்கட்குக் கழிவு மேலாண்மைப் பயிற்சி, அவர்தம் மகளிர்க்கு உரக்கூடப் பயிற்சி என்று திட்டங்கள் வகுக்கப்படுமாயின், கதிரொளி மின்பணிக்கும் எரிவளிப் பொறிக்கும் மின்னுந்துப் பழுதுநீக்கத்திற்கும் செல்வார் யாவர்? பசுமைத் தொழிலிலும் மேல்படி, கீழ்ப்படி உண்டு. கூரைமேல் ஏறிக் கண்ணாடிப் பலகை பொருத்துவதும் பசுமை வேலை. குப்பைமேட்டில் இறங்கிக் கண்ணாடித் துண்டு பொறுக்குவதும் பசுமை வேலை. முன்னது படித்த உயர்குலத்தானுக்கும் பின்னது அருந்ததியனுக்கும் என்று பிரிந்து நிற்குமாயின், அது பச்சைச் சட்டையிட்ட குலக்கல்வியேயன்றிப் பிறிதில்லை.

2009-இல் தமிழக அரசு அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் இடவொதுக்கீடு அளித்துச் சட்டம் செய்தது. உச்ச நயன்மன்றம் 2024-ஆம் ஆண்டு ஆகசுட்டு முதல் நாளில் அதனை நிலைநிறுத்தியது. கல்லூரிக்கும் அரசுப்பணிக்கும் வழிதிறந்த அந்நெறி, ஒப்பந்தக்காரரின் வாயிலில் நின்றுவிடுகின்றது. தனியார்க்குக் கொடுக்கப்படும் ஒவ்வொரு வேலையும் அவ்வொதுக்கீட்டினின்று களவாடப்படும் வேலையாகும்.

தமிழுணர்வாளருட் சிலர், "அவருட் பலர்க்கு வீட்டுமொழி வேறன்றோ, அவர்பொருட்டு இவ்வளவு பேசுவானேன்" என்று வினவுதல் கூடும். இவ்வினா தமிழ்ப்பற்றினின்று பிறந்ததன்று. குலச்செருக்கு மொழிப்பற்றின் போர்வையை உடுத்து வருவது. பல நூற்றாண்டுகளாக இம்மண்ணின் வயலில் உழைத்து, இம்மண்ணின் ஏற்றத்திற்குத் தோற்கருவி செய்து, இம்மண்ணின் அழுக்கைச் சுமந்து வந்தவர் இம்மண்ணின் மக்களே. வெள்ளையரை எதிர்த்த தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட சங்ககிரிக் கோட்டை இச்சமவெளியில்தான் நிற்கின்றது. அவரோடு நின்று அவ்வாண்டிலேயே உயிரீந்த பொல்லான் அருந்ததியரே. உயிர் கேட்டபோது வினவாத வீட்டுமொழியை உரிமை கேட்கும்போது வினவுதல் தமிழ்ப்பண்பு ஆகாது. அவர்தம் பிள்ளைகள் தமிழிற் கற்றுத் தமிழகத்தில் உயர்வதே மொழிக்கும் ஆக்கம்.

புனே காட்டும் வழி

குறை கூறுதல் எளிது, வழி யாது என்பார்க்கு விடை உண்டு. மராட்டிய மாநிலத்துப் புனே நகரில் தாளும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கிப் பிழைத்த உழைப்பாளர், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்டிர், 1993-இல் தமக்கென ஒரு தொழிலாளர் மன்றம் கண்டனர். அதன் வழியே 'சுவச்சு' என்னும் கூட்டுறவு அமைப்புத் தோன்றி, 2008-இல் புனே மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. வீடுதோறும் பிரித்த குப்பையை அவர்களே பெறுவர். வீட்டார் திங்கள்தோறும் கட்டணத்தை அவர்கட்கே தருவர். மீளப் பயன்படும் பொருள்களை விற்றுவரும் பணமும் அவர்கட்கே உரியது. இடையில் ஒப்பந்தக்காரர் இல்லை. குப்பைமேட்டில் நாயொடு போட்டியிட்டவர், அடையாள அட்டையும் கையுறையும் கணக்கும் உடைய கூட்டுறவு உறுப்பினர் ஆயினர். நகராட்சிக்கும் செலவு குறைந்தது. அவர்கட்கு இடர்கள் இல்லாமலில்லை. தனியார் நிறுவனங்கள் அவ்விடத்தைக் கைப்பற்ற முயன்ற காலங்களும் உண்டு. எனினும் கூட்டுறவு நிலைத்தது.

தமிழகத்திலும் இத்தகு முயற்சியொன்று 2024-இல் தொடங்கியது. சென்னைக் குடிநீர் வாரியம், கழிவுநீர்க் குழாய் அடைப்பை நீக்கும் கருவி வண்டிகட்குத் தூய்மைப் பணியாளரையும் அவர் குடும்பத்தாரையும் உரிமையாளராக்கி, கடனுதவியும் பல்லாண்டுப் பணியொப்பந்தமும் தந்தது. குழியில் இறங்கியவன் கருவிக்கு உரியவனாதல் பெருமாற்றமே. சென்னைக்கு ஒல்லுவது சேலத்திற்கு ஒல்லாதோ?

செய்யத்தக்கன

இவற்றினின்று சேலம் நாமக்கல் சமவெளிக்கு வேண்டுவன தெளிவாகின்றன.

முதலாவது, மதிப்பூதியம் என்னும் மறைப்புச்சொல் ஒழிந்து, கூலி என்னும் நேர்ச்சொல் ஆளப்படுதல் வேண்டும். அரசு தானே வரையறுத்த குறைந்த அளவுக் கூலியைத் தூய்மைக் காவலர் உட்பட அனைவர்க்கும் தருதல் வேண்டும். தன் ஆணையைத் தானே மீறும் அரசு தனியாரை எங்ஙனம் திருத்தும்?

இரண்டாவது, உரக்கூடமும் வண்டியும் பிரித்த பொருளும் அவற்றைக் கையாளும் தொழிலாளரின் கூட்டுறவிற்கே உரிமையாதல் வேண்டும். ஆலையுரிமையாளர்க்கு 1981-இல் நன்மை பயந்த கூட்டுறவு உழைப்பாளர்க்கு மட்டும் ஒவ்வாது என்றல் பொருந்தாது. ஒப்பந்தக்காரர்க்குப் போகும் இடையீட்டுத் தொகையே இதற்கு முதலாகப் போதும். உள்ளாட்சிகள் கழிவு பொறுக்குவாரைத் தம் அமைப்பிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை நெறிமுறைகளும் கூறின. சட்டம் இடந்தந்தது, உள்ளந்தான் இடந்தரவில்லை.

மூன்றாவது, பசுமைத் தொழிலின் மேல்படிகளில் இக்குடும்பத்துப் பிள்ளைகட்கு முதலுரிமை தரல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிற் கதிரொளி மின்பணி, எரிவளிப் பொறி, மின்னுந்துப் பழுதுநீக்கம், நீராய்வு ஆகியவற்றில் அவர்கட்கு இடமும் உணவும் உதவித்தொகையும் ஒதுக்குதல் வேண்டும். அவற்றையும் வேண்டாது மருத்துவமோ சட்டமோ கற்க விழைவார்க்குத் தடை எதுவும் இருத்தல் ஆகாது. வேலை என்பது ஏணியாதல் வேண்டும், கட்டுத்தறியாதல் ஆகாது. தந்தை செய்த தொழிலை மகன் செய்யாமலிருக்கும் உரிமையே அவ்வேணியின் உச்சிப்படி.

நான்காவது, குடிமக்களின் பங்கு. மட்கும் குப்பையும் மட்காக் குப்பையும் பிரித்துக் கொடுத்தல் ஒவ்வொரு வீட்டாரும் செய்ய வல்லதே. கலந்த குப்பையிற் கையிட்டுப் பிரிக்கச் சொல்லுதல், தம் அழுக்கைப் பிறர் கையாற் பிசையச் சொல்லுதலேயாகும். தூய தமிழ் பேசுவார் வீட்டின் குப்பையே முதலிற் பிரிக்கப்பட்டு வாயிலுக்கு வருதல் வேண்டும். பிறசொற் கலப்பை நாவினின்று நீக்கத் தெரிந்தவர்க்கு, ஞெகிழிக் கலப்பை எச்சிற் சோற்றினின்று நீக்குதல் அரிதாமோ? குப்பை பெற வருவாரை 'வாங்க, அம்மா' என்று அழைக்கும் நா எத்தனை வீட்டில் உண்டு என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பசுமை என்னும் பெயரால் புதிய செல்வம் ஒன்று பெருகத் தொடங்கியுள்ளது. அரசுப் பணமும் வங்கிக் கடனும் பன்னாட்டு உதவியும் அதனை நாடி வருகின்றன. பங்கீடு நடைபெறும் காலத்திலேயே உரியவர் பந்தியில் அமர்தல் வேண்டும். பந்தி முடிந்தபின் இலையெடுக்க அழைக்கப்படுவாராயின், பழைய வரலாறே மீண்டும் எழுதப்படும். திருமணிமுத்தாறு தெளிந்தோடும் நாளும், அதனைத் தெளியவைத்தவன் தன் கூட்டுறவின் கணக்கேட்டிற் கையெழுத்திடும் நாளும் ஒன்றாதல் வேண்டும். அந்நாளிலேயே இச்சமவெளி பசுமையுற்றது என்று தமிழர் உண்மையாகச் சொல்லிக்கொள்ளலாகும்.